மின்கம்பிகளுக்கும் நிலத்தடிக் குழாய்களுக்கும் அருகே மரம் நடுவது: தொடங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

மின்கம்பியின் கீழே நடப்படும் மரக்கன்று, நடப்படும் அன்று எவருக்கும் இடையூறாகத் தெரிவதில்லை. இடுப்பளவுக் கன்றுக்கும் எட்டு மீட்டர் உயரத்தில் செல்லும் கம்பிக்கும் நடுவே வேண்டிய அளவு வெளி இருப்பதாகவே கண்ணுக்குப் படுகிறது. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் நிற்கப்போகும் மரத்துக்காகத்தான் நாம் இன்று இடம் பார்க்கிறோம். அதன் முழு உயரம், கிளைகள் விரியும் அகலம், மண்ணுக்குள் வேர்கள் பரவும் பரப்பு ஆகிய மூன்றையும் குழி தோண்டும் முன்பே கணக்கில் கொண்டுவிட்டால், அந்த மரம் வெட்டுப்படாமல் தன் இயல்பான வடிவில் வளர்ந்து முதிரும். கணக்கில் கொள்ளாமல் விட்டால், மின்பாதையைக் காப்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் தலை வெட்டப்படும். மரமும் நலியும், மின்பாதைக்கும் முழுப் பாதுகாப்பு கிடைக்காது. இந்தக் கணக்கை முதன்முறையாகப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்காகவே இந்த விளக்கம்.

முதலில் கம்பியை அறிந்துகொள்வோம்

தலைக்கு மேலே செல்லும் கம்பிகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. உயர்ந்த எஃகுக் கோபுரங்களின் மேல் நெடுந்தொலைவு செல்பவை மின்தொடரமைப்புப் பாதைகள். அவற்றின் மின்னழுத்தம் பல நூறு கிலோவோல்ட் வரை இருக்கும். தெருக்களில் கம்பங்களின் வழியே செல்பவை பகிர்மானப் பாதைகள்; அவற்றில் சில ஆயிரம் வோல்ட்டிலிருந்து முப்பதாயிரம் வோல்ட்டுக்கு மேலும் செல்லும் உயரழுத்தக் கம்பிகளும், வீடுகளுக்கு மின்சாரம் தரும் தாழ்வழுத்தக் கம்பிகளும் உண்டு. கம்பத்திலிருந்து வீட்டுச் சுவருக்கு இறங்கும் சர்வீஸ் ஒயர் இவற்றின் கடைசிக் கிளை. ஒரே கம்பத்தில் பலவகைக் கம்பிகள் கட்டப்பட்டிருந்தால், பொதுவாக உச்சியில் மின்கம்பிகளும் அவற்றுக்குக் கீழே தொலைபேசி, கேபிள் டிவி, இணைய வடங்களும் இருக்கும். ஆனாலும் தரையில் நின்று பார்த்து, இது தீங்கற்ற கம்பி என்று முடிவு செய்யும் பயிற்சி பெரும்பாலோருக்கு இல்லை. எல்லாக் கம்பியிலும் மின்சாரம் ஓடுகிறது என்று கருதிக்கொள்வதே பாதுகாப்பான தொடக்கம்.

மேலே செல்லும் உயரழுத்தக் கம்பிகளில் மிகப் பெரும்பாலானவை மேலுறை எதுவும் இல்லாத வெறுங்கம்பிகள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எஃகு இழைகளை நடுவில் வைத்து, அவற்றைச் சுற்றி அலுமினிய இழைகளை முறுக்கிச் செய்யப்படும் அந்தக் கம்பிக்குச் சுற்றியுள்ள காற்றுதான் காப்பு. கம்பத்தோடு சேரும் இடத்தில் மட்டும் பீங்கானாலோ கண்ணாடியாலோ ஆன இன்சுலேட்டர் அதைத் தாங்குகிறது. சில கம்பிகளின் மேல் தெரியும் கருநிற உறை வெயிலையும் மழையையும் தாங்குவதற்காக இடப்பட்டதாக இருக்கலாம். அது தொடுகிறவரைக் காக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே கம்பியைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை மின்பாதையின் ஓர் உறுப்பாகவே கொள்ள வேண்டும். மரம் அந்த வெற்றிடத்துக்குள் நுழையும்போது, அது கம்பியின் காப்பையே கிழிக்கிறது.

உயிருள்ள மரம் மின்சாரத்தைக் கடத்தும். பட்டைக்கு அடியில் உள்ள ஈரமான வெண்கட்டைப் பகுதியில், உப்புகள் கரைந்த நீர் வேரிலிருந்து இலை வரை ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்த ஈரப்பாதை கம்பியைத் தொடும்போது, மின்சாரம் கிளை வழியாகவும் தண்டு வழியாகவும் மண்ணுக்கு இறங்கத் தொடங்குகிறது. இதில் கவனிக்க வேண்டியது, அப்படி இறங்கும் மின்னோட்டம் பல வேளைகளில் ஃபியூஸை உருக்கும் அளவுக்கோ பாதுகாப்புக் கருவியைச் செயல்பட வைக்கும் அளவுக்கோ பெரியதாக இருப்பதில்லை. பகிர்மானப் பாதையின் ஃபியூஸ் உருகப் பல ஆம்பியர் தேவைப்படலாம். மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியர் போதும். எனவே தெருவில் விளக்குகள் வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கும்போதே, கம்பியைத் தொட்டு நிற்கும் மரம் ஏறுகிறவரைக் கொல்லக்கூடியதாக இருக்க முடியும். விளக்கு எரிகிறது, ஆகையால் கோளாறு இல்லை என்ற எண்ணம் இங்கே ஆபத்தானது.

இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு கிளை விழுந்து தங்கினால் நடப்பது வேறு. முதலில் கிளையின் இரு முனைகளிலும் சிறு பொறிகள் தோன்றும். பட்டை காய்ந்து கரியாகும். கரி மின்சாரத்தை ஈரக் கட்டையைவிட நன்றாகக் கடத்துவதால், கருகிய தடம் இரு முனைகளிலிருந்தும் நடுப்பகுதியை நோக்கி நீளும். இரண்டும் சேரும் நொடியில் பெரும் பொறியோடு குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும். கீழே உலர்ந்த சருகு கிடந்தால் அங்கேயே தீ பிடிக்கும்.

கம்பி அசையாமல் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. வெயிலாலும், அதிக மின்சாரம் ஓடுவதாலும் சூடேறும் கம்பி நீண்டு, இரு கம்பங்களின் நடுவே தொய்ந்து கீழிறங்கும். காற்றடிக்கும்போது பக்கவாட்டில் ஊசலாடும். குளிர்ந்த காலை நேரத்தில் மரத்துக்கும் கம்பிக்கும் நடுவே தெரிந்த இடைவெளி, மின்தேவை உச்சத்தில் இருக்கும் கோடைப் பிற்பகலில் இருக்காது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்தது இதுதான். அங்கே 345 கிலோவோல்ட் மின்தொடரமைப்புப் பாதைகள் மூன்று, பிற்பகல் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே, அளவுக்கு மீறி வளர விடப்பட்ட மரங்களின் மேல் தொய்ந்து ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன. முதலில் துண்டிக்கப்பட்ட பாதை, தான் தாங்கக்கூடிய சுமையில் பாதியைக்கூட அப்போது சுமந்துகொண்டிருக்கவில்லை. வேறு கோளாறுகளும் சேர்ந்துகொள்ள, அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இருளில் மூழ்கினர். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று சுவிட்சர்லாந்தில் 380 கிலோவோல்ட் பாதை ஒன்றிலிருந்து மரத்துக்குப் பொறி பாய்ந்ததில் தொடங்கிய சங்கிலி, சார்டினியா தீவு நீங்கலாக இத்தாலி நாடு முழுவதையும் மின்சாரமின்றி நிறுத்தியது. சுவிஸ் நிகழ்வுக்குப் பயன்படுத்தப்படும் சொல்லைக் கவனிக்க வேண்டும்: பொறி பாய்ந்தது. அழுத்தம் மிக உயர்ந்த பாதைகளில் மரம் கம்பியைத் தொட வேண்டியதில்லை. போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டிவிடும்.

எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரம்

மரவளர்ப்பு அமைப்புகள் பொதுவாகச் சொல்லும் அளவு எளிதில் நினைவில் நிற்கக்கூடியது. முதிர்ந்த நிலையிலும் 6 மீட்டரைத் தாண்டாத சிறுமரங்கள் பகிர்மானக் கம்பிக்கு அருகில் இருக்கலாம். 12 மீட்டர் வரை வளரும் நடுத்தர மரங்கள் கம்பியிலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அதற்கு மேல் வளரும் பெருமரங்களுக்கு 15 மீட்டராவது தொலைவு வேண்டும். உள்ளூர் மின் விநியோக அமைப்பு இதைவிடக் கடுமையான விதி வைத்திருந்தால் அதுவே செல்லும். இந்தத் தொலைவைக் கம்பத்திலிருந்து அளக்கக் கூடாது. மரத்துக்கு மிக அருகில் உள்ள ஓரக் கம்பிக்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளியைக் குறித்து, அங்கிருந்து தண்டு நிற்கப்போகும் இடம் வரை அளக்க வேண்டும். கம்பத்தின் குறுக்குச் சட்டத்தின் முனையில் ஓடும் கம்பி, கம்பத்தைவிட மரத்துக்கு ஒரு மீட்டர் அருகில்கூட இருக்கக்கூடும்.

பொது அளவை மட்டும் நம்பாமல், நடப்போகும் மரவகைக்கே உரிய கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். முதிர்ந்த நிலையில் 10 மீட்டர் அகலம் விரியக்கூடிய ஒரு நடுத்தர மரத்தை எடுத்துக்கொள்வோம். தண்டிலிருந்து அதன் கிளை நுனி 5 மீட்டர் வெளியே வரும். அதோடு கம்பியின் ஊசலாட்டத்துக்கும் பராமரிப்பவரின் பாதுகாப்புக்கும் 3 மீட்டரைச் சேர்த்தால் 8 மீட்டர் ஆகிறது. இந்த மரத்துக்குப் பொது அளவின்படி 6 மீட்டர் போதும் என்றாலும், 8 மீட்டர் தள்ளி நட்டால்தான் அதன் ஒரு பக்கக் கிளைகளைப் பின்னாளில் வெட்டாமல் காக்க முடியும். புயலில் வேரோடு சாயும் வாய்ப்புள்ள, உயரமும் பாரமும் மிக்க மரமாக இருந்தால், அதன் முழு உயரத்தையே தொலைவாகக் கொள்வது நல்லது.

பராமரிப்பவரின் பாதுகாப்பு என்று சொன்னதைச் சற்று விரிக்க வேண்டும். மின்பாதைப் பணியில் பயிற்சி பெறாத எவரும், அவர் கையில் பிடித்திருக்கும் ஏணி, தொரட்டி, நீளக் கத்தரி உட்பட, 50 கிலோவோல்ட் வரையிலான கம்பிகளுக்கு 3 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது அமெரிக்கப் பணிப்பாதுகாப்பு விதி. கம்பியின் மின்னழுத்தம் அதற்கு மேல் உயர உயர இந்தத் தொலைவும் கூடும். இந்த விதியை வைத்து, கம்பிக்கு நேர் கீழே நிற்கும் 6 மீட்டர் சிறுமரத்தை எண்ணிப் பாருங்கள். கம்பி 8 மீட்டர் உயரத்தில் இருந்தால் மரத்தின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையே 2 மீட்டர்தான் மிஞ்சும். மரம் கம்பியைத் தொடாது, ஆனால் அதன் உச்சிக் கிளை ஒன்று பட்டுப்போனால் அதை நீக்க உரிமையாளரால் ஏற முடியாது. எனவே, பொது அளவு இடம் கொடுத்தாலும், கம்பிக்கு நேர் கீழே 3, 4 மீட்டரோடு நின்றுவிடும் புதர்ச்செடிகளைத் தவிர வேறு எதையும் நடாமல் இருப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. சிறுமரங்களைச் சில மீட்டர் பக்கவாட்டில் தள்ளி நட்டுவிடலாம்.

கம்பியின் உயரத்தைக் கோல் வைத்தோ அளவுநாடாவைத் தூக்கியோ அளக்கவே கூடாது. நிழலை வைத்துக் கணக்கிடலாம். வெயில் அடிக்கும்போது ஒரு மீட்டர் நீளக் குச்சியைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி அதன் நிழலை அளக்க வேண்டும். உடனே கம்பத்தின் நிழலையும் அளக்க வேண்டும். குச்சியின் நிழல் 80 செ.மீ., கம்பத்தின் நிழல் 6.4 மீட்டர் என்றால், கம்பத்தின் உயரம் 8 மீட்டர். கம்பி இந்த உயரத்தில் முழுத் தொலைவுக்கும் செல்வதில்லை. இரு கம்பங்களின் நடுவே அது தாழ்ந்து தொங்குகிறது. மரம் நடும் இடம் கம்பங்களின் நடுப்பகுதியில் அமைந்தால், அந்தத் தொய்வைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும்.

சில தாவரங்கள் உயரம் எவ்வளவாக இருந்தாலும் கம்பிக்கு அருகில் ஆகாதவை. தென்னை, பனை, பாக்கு போன்றவற்றுக்கு உச்சியில் ஒரே குருத்துதான் உண்டு. அதை வெட்டினால் மரமே இறந்துவிடும். மற்ற மரங்களைக் கவாத்து செய்து, அதாவது கிளைகளை முறைப்படி வெட்டி, திருப்பிவிடுவதுபோல இவற்றைத் திருப்ப முடியாது. கம்பியை எட்டும் நாளில் மரத்தை அகற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. போதாக்குறைக்கு, நீண்ட ஈர மட்டைகள் பிய்ந்து கம்பிகளின் குறுக்கே விழும். மூங்கிலின் புதிய கழிகள் ஒரே பருவத்தில் முழு உயரத்தை எட்டிவிடுவதால், ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்கிறவரின் கண்ணுக்கு அது தப்பிவிடும். பழமரங்களில் உள்ள இடர் மரத்தால் வருவது குறைவு, பறிக்க வருகிறவரின் ஆர்வத்தால் வருவதே மிகுதி: உச்சியில் பழுத்திருக்கும் பழத்தை எட்ட நீட்டப்படும் உலோகத் தொரட்டி கம்பியில் பட்டால் கையை எடுக்க நேரம் இருக்காது. பழம் பறிக்க ஏணி தேவைப்படும் எந்த மரத்தையும் கம்பியின் பக்கம் நட வேண்டாம்.

கோபுரங்களில் செல்லும் மின்தொடரமைப்புப் பாதைகளின் கீழுள்ள அகன்ற நிலப்பட்டையில், அந்தப் பாதையை நடத்தும் அமைப்பின் எழுத்து வழி அனுமதியின்றி எதையும் நடக் கூடாது. அதனால் அந்த நிலம் வெறுமையாகக் கிடக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1953-இல் ஒரு மின்பாதையின் கீழ் தொடங்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் நடந்த ஆய்வு, கம்பிக்கு நேர் கீழே புல்லும் குறுஞ்செடிகளும், ஓரங்களில் புதர்களும் நிலைத்துவிட்டால், அவை மரக்கன்றுகள் முளைத்து எழுவதைப் பெருமளவு தாமே தடுத்துவிடுகின்றன என்றும், பறவைகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் நல்ல வாழிடமாகின்றன என்றும் காட்டியது.

தலையை வெட்டுவது ஏன் தீர்வாகாது

தவறான இடத்தில் வளர்ந்துவிட்ட மரத்தை உச்சியில் மட்டமாக வெட்டிவிடுவதுதான் பலரும் அறிந்த வழி. அது மரத்துக்கும் கம்பிக்கும் சேர்த்தே தீங்கு செய்கிறது. தடித்த கிளைகளை இடையில் அறுத்துவிட்டால், பட்டைக்கு அடியில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் ஒரே நேரத்தில் விழித்து, வெட்டுமுனையைச் சுற்றிப் பல போத்துகளாகக் கிளம்பும். இலைகளை இழந்த மரம் இழந்ததை விரைந்து ஈடுகட்ட முயல்வதால், அவை இயல்பான கிளையைவிட வேகமாக, நேராகக் கம்பியை நோக்கி எழும். இயல்பான கிளை தண்டின் உள்கட்டையோடு ஆண்டாண்டாகப் பின்னி வளர்ந்தது. போத்தோ மேற்பரப்பில் மட்டும் ஒட்டியிருப்பது, ஆகவே காற்றில் எளிதில் பிய்ந்து விழும். வெட்டுமுனை அழுகத் தொடங்கினால் அந்தப் பிடிப்பு இன்னும் தளரும்.

அமெரிக்க மர நோயியல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பிளந்து ஆராய்ந்தவர். மரம் தன் காயத்தை விலங்குகளைப்போல ஆற்றிக்கொள்வதில்லை, காயம்பட்ட பகுதியைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி அதை உள்ளேயே அடைத்துவிட்டு, வெளியே புதிய கட்டையை வளர்த்துக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்துத் தெரியும் கழுத்துப் பகுதியில்தான் அந்தத் தடுப்பு வலிமையாக அமைகிறது. ஆகவே வெட்டு அந்தக் கழுத்துக்கு வெளியே, அதைக் காயப்படுத்தாமல் விழ வேண்டும். கம்பியின் அருகே இன்று பயிற்சி பெற்ற பணியாளர்கள் செய்யும் கவாத்து இந்த அறிவின் மேல் நிற்கிறது: கம்பியை நோக்கிச் செல்லும் கிளையை, கம்பிக்கு எதிர்ப்புறம் செல்லும் ஒரு பக்கக் கிளை பிரியும் இடம் வரை பின்னோக்கி அகற்றுகிறார்கள். விட்டுவைக்கும் பக்கக் கிளை, அகற்றும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால்தான் அது தலைமையேற்று வளரும். இப்படிச் செய்த மரம் நடுவே பிளந்ததுபோலவோ ஒரு பக்கம் சரிந்ததுபோலவோ தோன்றலாம். பார்ப்பவர்கள் வருந்துவதும் இயல்பு. ஆனாலும் மட்டமாகத் தலை வெட்டப்பட்ட மரத்தைவிட அது நீண்ட நாள் நலமாக வாழும்.

மண்ணுக்கு அடியில்

நிலத்தடியில் செல்பவை கண்ணுக்குத் தெரியாததால் அவை இல்லாததாகவே எண்ணிவிடுகிறோம். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், எரிவாயுக் குழாய், மின்சாரப் புதைவடம், தொலைபேசி மற்றும் இணைய வடங்கள் என ஒரு தெருவோரத்தில் ஆறு வகைகள்கூட ஒன்றன் அருகில் ஒன்றாகப் புதைந்திருக்கலாம். இவற்றின் ஆழத்தைப் பற்றி எந்த ஊகமும் செய்யக் கூடாது. ஒரு மீட்டர் ஆழத்தில் பதித்த குழாயின் மேலிருந்த மண்ணை மழை அரித்திருக்கலாம், சாலைப்பணி வழித்திருக்கலாம். இணைய வடம் ஒரு முழ ஆழத்திலேயே கிடக்கலாம்.

எனவே, குழி எவ்வளவு சிறியதானாலும், தோண்டும் முன் விசாரிப்பது முதற்கடமை. அமெரிக்காவில் 2007 முதல் நாடு முழுவதும் 811 என்ற ஒரே எண்ணை அழைத்தால் போதும். ஆஸ்திரேலியாவிலும் இதற்கென நாடு தழுவிய சேவை உண்டு. இந்தியாவில், தோண்டும் பணி செய்வோரையும் நிலத்தடிக் கட்டமைப்பின் உரிமையாளர்களையும் இணைப்பதற்காக ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலி 2023 மார்ச்சில் தொடங்கப்பட்டது. இப்படிப்பட்ட ஏற்பாடு இல்லாத இடங்களில் மின்சாரம், குடிநீர், கழிவுநீர், தொலைத்தொடர்பு அலுவலகங்களைத் தனித்தனியே கேட்டறிய வேண்டியிருக்கும். பல நாடுகளில் பணியாளர்கள் வந்து தரையில் வண்ணத்தால் கோடிட்டுச் செல்வார்கள். அமெரிக்க முறையில் சிவப்பு மின்சாரத்தையும், மஞ்சள் எரிவாயுவையும், ஆரஞ்சு தொலைத்தொடர்பையும், நீலம் குடிநீரையும், பச்சை கழிவுநீரையும் குறிக்கும். பிற நாடுகளில் வண்ணங்கள் மாறலாம். கோடு இட்டவர்கள் தம் நிறுவனத்துக்கு உரியதை மட்டுமே குறிப்பார்கள். மீட்டரைத் தாண்டி வீட்டு உரிமையாளர் தாமே பதித்த தோட்டக் குழாயும், வெளிவிளக்குக்கான வடமும் அவர்களுடைய வரைபடத்தில் இருக்காது. உலோகத்தையும் மின்னோட்டத்தையும் உணரும் கருவிகள், பக்கத்திலேயே ஒரு கம்பியும் சேர்த்துப் பதிக்கப்படாத பிளாஸ்டிக் குழாயைக் கண்டுபிடிக்கவும் மாட்டா.

கோடு என்பது துல்லியமான இடமும் அல்ல. அதன் இரு பக்கமும் ஏறத்தாழ 60 செ.மீ. வரை ஐயத்துக்குரிய பகுதியாகக் கொண்டு, அதற்குள் இயந்திரத்தையோ கடப்பாரையையோ பயன்படுத்தாமல், மண்வெட்டியால் மெல்ல மெல்லச் சுரண்டித்தான் தோண்ட வேண்டும். மரம் நடுவதற்கு அந்தப் பகுதியை விட்டு விலகுவதே மேல். தோண்டும்போது மண்ணின் நிறமோ இறுக்கமோ திடீரென்று மாறினாலும், சலித்ததுபோன்ற மணலோ, வரிசையாகப் பதித்த செங்கல்லோ, நிறமிட்ட பிளாஸ்டிக் பட்டையோ தென்பட்டாலும் உடனே நிறுத்த வேண்டும். அவை பெரும்பாலும் அடியில் கிடக்கும் வடத்தைக் காக்கவும் எச்சரிக்கவும் இடப்பட்டவை.

மரக்கன்றுக்கான குழி, கன்றோடு வரும் வேர்மண் கட்டியின் உயரத்தைவிட ஆழமாக இருக்கத் தேவையில்லை. அகலம்தான் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு வேண்டும். ஆழமாகத் தோண்டினால் நல்லது என்ற பழைய எண்ணத்தைக் கைவிட்டாலே நிலத்தடி விபத்துகளில் ஒரு பகுதி குறையும். பலரும் மறப்பது முட்டுக்கம்பை. குழியைப் பதமாகத் தோண்டி முடித்துவிட்டு, கன்று சாயாமலிருக்கக் கூர்மையான கம்பைச் சம்மட்டியால் அரை மீட்டர் ஆழத்துக்கு அடிக்கும்போது, அது பக்கத்திலுள்ள வடத்தைத் துளைத்துவிட முடியும். விசாரிக்கும்போதே முட்டுக்கம்பு இறங்கும் இடங்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்தது வேர். மரம் மேலே எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ அவ்வளவு ஆழம் கீழேயும் இறங்கியிருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான மரங்களின் வேர்களில் மிகுதியானவை மேல்மண்ணின் 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன, ஏனென்றால் வேர் மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும், ஆழத்தில் அது குறைவு. ஆழத்தில் போகாத வேர் பக்கவாட்டில் நெடுந்தூரம் போகிறது. கிளைவிரிவின் ஓரத்தையும் தாண்டி, அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு தொலைவு வரை பரவும். குழாய்களும் வடங்களும் பதிக்கப்படும் ஆழமும், வேர்கள் விரும்பும் ஆழமும் பெரிதும் ஒன்றாக அமைந்துவிடுவதுதான் சிக்கலின் மூலம். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளத்தின் மண், சுற்றியுள்ள இறுகிய மண்ணைவிடத் தளர்ந்து காற்றோட்டமாக இருப்பதால், வேர் அந்தப் பள்ளத்தைக் கண்டதும் அதன் வழியே நீளமாக ஓடும்.

வேர், குழாயை மோப்பம் பிடித்துத் தேடிச் சென்று உடைக்கிறது என்று மரத்தின் மேல் பழி போடப்படுகிறது. நடப்பது அப்படியல்ல. சிறு துண்டுகளாகச் சுட்ட மண் குழாய்களை இணைத்து, இணைப்புகளைச் சிமெண்டால் பூசிய பழைய கழிவுநீர்ப் பாதைகளில், காலப்போக்கில் பூச்சு விரிந்து ஈரம் வெளியே கசியும். அந்த ஈரத்தின் ஓரமாக வளரும் மயிரிழை போன்ற வேர்நுனி, திறந்திருக்கும் விரிசலுக்குள் நுழைகிறது. உள்ளே நீர், உரச்சத்து, காற்று மூன்றும் நிறைந்திருப்பதால் அது கணக்கற்ற இழைகளாகப் பிரிந்து குழாயை நிரப்புகிறது. வழிந்துவரும் எண்ணெய்ப் பிசுக்கும் தாளும் அதில் சிக்கிப் பாதை அடைபடுகிறது. நுழைவாயிலில் வேர் பருமனாகும்போது விரிசலும் பெரிதாகிறது. இயந்திரத்தால் உள்ளே வெட்டிச் சுத்தம் செய்தாலும், வெளியே உயிரோடு இருக்கும் வேர் மீண்டும் உள்ளே கிளைக்கும். குறை இணைப்பில் இருக்கிறது; பற்றவைத்தோ ரப்பர் வளையமிட்டோ நன்றாக இணைத்த இன்றைய பிளாஸ்டிக் குழாய்களிலும், அழுத்தத்தோடு நீர் ஓடும் கசிவற்ற குடிநீர்க் குழாய்களிலும் வேர் நுழைவது மிகக் குறைவு. ஆனாலும் நம் காலடியில் இருப்பது எந்தக் காலத்துக் குழாய் என்பது பெரும்பாலும் தெரியாது. ஆகவே கழிவுநீர்க் குழாயிலிருந்து சிறுமரங்களையும் குறைந்தது 3 மீட்டர் தள்ளியே நட வேண்டும். அரசு, ஆல், அத்தி இனங்கள், வில்லோ, பாப்லர் போன்ற வீரியமான வேர் கொண்டவற்றுக்கு இதைப்போலப் பல மடங்கு தொலைவு தேவை.

வேர்த்தடுப்பு என்று விற்கப்படும் தடித்த பிளாஸ்டிக் தகடுகள், மரத்துக்கும் குழாய்க்கும் நடுவே செங்குத்தாகப் புதைக்கப்பட்டால் வேரைத் திசைதிருப்பும். வேர் அதன் அடியில் புகுந்து மறுபக்கம் ஏறுவதும் உண்டு என்பதால், தொலைவுக்கு மாற்றாக அதைக் கொள்ளக் கூடாது. மரத்தின் நாற்புறமும் தடுப்பு வைத்து இறுக்கினால் அதன் பிடிமானமே குறையும்.

குழாய்க்கு மேலே மரம் நடாமல் இருப்பது மரத்தின் நலனுக்காகவும்தான். எந்தக் குழாயும் வடமும் ஒருநாள் பழுதாகும். அன்று தோண்டும் பள்ளம் மரத்தின் ஒரு பக்க வேர்களை முழுவதுமாக அறுத்துவிடும். இலைகள் உடனே வாடாததால் தீங்கு நேர்ந்ததே தெரியாமல் போய், அடுத்த பெருங்காற்றில் மரம் சாய்கிறது. சாயும்போது வேர்த்தட்டோடு அங்குள்ள மற்றக் குழாய்களையும் பெயர்த்துத் தூக்குகிறது. இதைத் தவிர்க்கப் பிரிட்டனில் மின்சாரம், நீர், எரிவாயு போன்ற சேவை நிறுவனங்கள் பின்பற்றும் வழிகாட்டி ஓர் எளிய அளவைத் தருகிறது. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவை அளந்து, அதை நான்கால் பெருக்கினால் வரும் தொலைவுக்குள் இயந்திரத்தால் பள்ளம் தோண்டக் கூடாது, சுற்றளவு 1.5 மீட்டர் என்றால் 6 மீட்டர். அதற்குள் பணி தவிர்க்க முடியாததாக இருந்தால், கையால் தோண்டுவதோ, வேர்களுக்கு அடியில் கிடைமட்டமாகத் துளையிட்டு வடத்தை இழுப்பதோ வழியாகும்.

எரிவாயுக் குழாய் விஷயத்தில் மரமே எச்சரிக்கை தரும். மண்ணுக்குள் கசியும் வாயு ஆக்சிஜனை வெளியேற்றுகிறது, அந்த வாயுவை உண்ணும் மண் பாக்டீரியாக்களும் மிஞ்சிய ஆக்சிஜனைப் பயன்படுத்திவிடுகின்றன, வேர் மூச்சுத்திணறுகிறது. குழாய் செல்லும் வரிசையில் மட்டும் புல்லும் மரங்களும் காரணமின்றி வாடினால், நீர் ஊற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் எரிவாயு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும்.

தரைமட்டத்தில் பெட்டி வடிவில் இருக்கும் மின்மாற்றியை மறைக்கச் செடி வைப்பவர்கள், அதன் கதவு உள்ள பக்கம் 3 மீட்டரும் மற்றப் பக்கங்களில் ஒரு மீட்டரும் வெளிவிட வேண்டும். தீயணைப்பு நீர்க்குழாயைச் சுற்றியும், ஆளிறங்கு குழியின் மூடியைச் சுற்றியும் இதேபோல் ஒரு மீட்டராவது திறந்திருக்கட்டும்.

ஏற்கெனவே நிற்கும் மரங்கள்

தவறான இடத்தில் முன்பே நிற்கும் மரத்தை என்ன செய்வது என்பது, நடுவதைவிடக் கடினமான கேள்வி. கம்பியிலிருந்து 3 மீட்டருக்குள் கிளை வந்துவிட்டால் உரிமையாளர் தாமாக எதையும் வெட்டக் கூடாது. மின் விநியோக அமைப்புக்குத் தெரிவித்து, தேவைப்பட்டால் மின்சாரத்தை நிறுத்தி, பயிற்சி பெற்ற ஆட்களைக் கொண்டே வெட்ட வேண்டும். கம்பி அறுந்து மரத்தின் மேலோ தரையிலோ கிடந்தால், அது அசைவற்றுப் பொறியின்றி இருந்தாலும், 10 மீட்டருக்கு அப்பால் நின்று மற்றவர்களையும் நெருங்கவிடாமல் தகவல் சொல்ல வேண்டும். தரை வழியே மின்சாரம் பரவும்போது, அகல வைக்கும் அடியின் இரு பாதங்களுக்கு நடுவே மின்னழுத்த வேறுபாடு உண்டாகி உடலுக்குள் மின்சாரம் பாயும். ஏற்கெனவே அந்தப் பரப்புக்குள் இருக்கிறவர், கால்களை ஒட்டி வைத்து, பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல் நகர்த்தி நகர்த்தி வெளியேற வேண்டும்.

மரம் இளமையாக இருந்தால், நட்ட ஓரிரு ஆண்டுகளுக்குள் வேர்மண்ணோடு பெயர்த்து வேறிடத்துக்கு மாற்றிவிடலாம். நடுவயதில், கம்பிக்கு எதிர்ப்புறம் வளர்ச்சியைத் திருப்பும் கவாத்தைச் சீக்கிரம் தொடங்கினால், பின்னால் பெரிய காயங்களைத் தவிர்க்க முடியும். விரல் பருமனில் ஒரு கிளையைத் திருப்புவதும் தொடை பருமனில் அதை அறுப்பதும் ஒன்றல்ல. பல முறை தலை வெட்டப்பட்டு உள்ளே அழுகிப்போன மரமாக இருந்தால், அதை அகற்றுவது நேர்மையான முடிவாக இருக்கலாம். அப்போதும் உடனே வெட்டிவிடாமல், மரநலம் அறிந்த ஒருவரைக் கொண்டு சோதித்து, சாயும் ஆபத்து உடனடியானதல்ல என்றால், கம்பியையும் குழாயையும் விட்டு விலகிய இடத்தில் மாற்று மரத்தை முதலில் நட்டு, அது நான்கைந்து ஆண்டுகள் வளர்ந்து நிழல் தரத் தொடங்கிய பின் பழையதை எடுக்கலாம். அந்த இடைக்காலத்தில் பழைய மரத்தின் கிளைகள் கம்பியை நெருங்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்பதை மின் விநியோக அமைப்போடு பேசி எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.